முந்நூறு மில்லி ஒரு அடி

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நூல் இருக்காரா?" என்று தெருமுனையில் கேட்டால் போதும், படுத்திருக்கிற நாய்கூட எழுந்து வீட்டைக் காட்டும். கொத்தனார் வேலையில் நாற்பது வருஷம். அவர் எழுப்பிய சுவரில் நூல் பிடித்துப் பார்த்தால், நூலுக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது என்று பேர். அந்தப் பேர்தான் தேய்ந்து தேய்ந்து நூல் ஆயிற்று. மனைவி மட்டும் கோபம் வந்தால், "நூலாம் நூல், சட்டைக்கு ஒரு பட்டன் தைக்க ஆகல" என்பாள்.

அந்தப் பேருக்கு அவர் கொஞ்சம் அடிமை என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை கூட வேலை செய்த இன்னொரு கொத்தனாரின் சுவர் அரை அங்குலம் சாய்ந்திருந்தது. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இவர் வீட்டுக்காரரை வரவழைத்து, சித்தாள்களையும் நிற்கவைத்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சாய்வைக் காட்டினார். "சுவரு தூங்கி விழுது, யாராச்சும் தலகாணி கொண்டாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனுஷன் அன்று சாயங்காலம் கலவை பூசிய கரணையைக் கழுவாமலே பைக்குள் போட்டுக்கொண்டு போனார். நூலுக்கு அது பல வருஷம் நல்ல நகைச்சுவையாகவே ஞாபகத்தில் இருந்தது.

அவருக்கு ஒரே மகள். அட்டைப்பெட்டி செய்து விற்கிறாள். ஆறு பெண்களை வேலைக்கு வைத்து, ஒரு வாடகைக் கூடத்தில் தொழில் நடந்துகொண்டிருந்தது. கூடத்துக்காரர் திடீரென்று, "எனக்கே இடம் வேணும்மா, மூணாம் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடு" என்று கெடு வைத்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றும் சொல்லிவிட்டார். அப்போது கெடுவுக்கு மூன்று மாசம் இருந்தது. ஊருக்கு வெளியே அவள் வாங்கிப் போட்டிருந்த மனை ஒன்று உண்டு. அங்கே சொந்தமாகக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். அப்பாவிடம் வந்து சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"அப்பா, இரும்புக் கட்டடம் போடப் போறேன். கம்பெனியில செஞ்சு கொண்டாந்து நிறுத்திடுவாங்க."

"கொத்தனார் பொண்ணு தகரக் கொட்டாய்ல உக்காரப் போறியா? நல்லாத்தான் இருக்கு. தையக்காரன் கிழிஞ்ச சட்டை போட்ட கதை."

"நடுவுல தூண் இருக்கக் கூடாதுப்பா. அட்டைக் கட்டு ஏத்துற வண்டி உள்ள திரும்பணும். உயரமும் வேணும். நீங்க கட்டினா எத்தனை மாசம் ஆகும்?"

"எட்டு மாசம். ஆனா நூறு வருஷம் நிக்கும்."

"எனக்கு நூறு வருஷம் வேண்டாம். மூணு மாசத்துல வேணும்."

 ஆனாலும் கம்பெனி அலுவலகத்துக்கு அவளோடு போனார். ஏமாற்றிவிடுவார்கள், கூட ஒரு ஆம்பளை இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டார். உள்ளூர ஆசை வேறு. மகள் கட்டுகிற முதல் கட்டடத்தில் தன் கை படாமல் போகக் கூடாது.

கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து ஆர்டர் எழுதினாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, ஓரத்தில் உயரம் எவ்வளவு, கூரையிலிருந்து ஏதாவது தொங்கவிடுவீர்களா, ஷட்டர் எந்தப் பக்கம், அந்தப் பக்கம் வெட்டவெளியா, லாரி உள்ளே வந்து திரும்ப வழி இருக்கிறதா.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்கம்மா" என்றார் நூல்.

அந்தப் பெண் சிரித்தாள். "பெரிய ஷட்டர் திறந்திருந்தா காத்து உள்ள புகுந்து கூரையை அடியிலேர்ந்து தூக்கும் சார். செங்கல் கட்டடம் தன் கனத்துலேயே உக்காந்துடும். இது பறக்கப் பாக்கும். இதை அமுக்கிப் பிடிக்கணும். அதான் கேக்கறோம்."

 நாற்பது வருஷத்தில் கட்டடம் பறக்கும் என்று நூலிடம் யாரும் சொன்னதில்லை.

பன்னிரண்டு மீட்டர் அகலம், பதினெட்டு மீட்டர் நீளம் என்று முடிவாயிற்று. ஒரு வாரத்தில் வரைபடங்கள் வந்தன. மகள் ஒவ்வொரு தாளையும் படித்துக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு ஷட்டரை இந்தப் பக்கம் நகர்த்து, ஜன்னல் ஒன்று சேர்த்து வை என்றெல்லாம் கேட்க முடியாது. தொழிற்சாலையில் இரும்பை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். எட்டு வாரம். அதற்குள் மனையில் அடித்தளம் போட்டு, எட்டுத் தூணுக்கும் தூணுக்கு நாலாக முப்பத்திரண்டு போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் நிறுத்திவைக்க வேண்டும். தூணின் அடித்தகட்டில் உள்ள ஓட்டைகள் அந்தப் போல்ட்டுகளில் போய் உட்காரும்.

"அதுக்கு எங்க ஆளுங்களே வருவாங்க மேடம், சொல்லட்டுமா?" என்று கேட்டாள் ஆர்டர் எழுதிய பெண்.

"எனக்கு ஆள் அனுப்புறியாம்மா?" என்றார் நூல். மகளுக்கும் பெருமைதான். "எங்கப்பா பேரே நூல்" என்றாள்.

"ரொம்ப நல்லது. போல்ட்டு வச்சு முடிச்சதும் டேப்பைப் பிடிச்சு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க சார். மில்லி எண் தெரியணும். அது வந்தாத்தான் நாங்க லாரியைக் கிளப்புவோம்."

போட்டோவாம். அவர் வேலைக்கு இதுவரை யாரும் சாட்சி கேட்டதில்லை.

வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். குழி வெட்டியதும் அவரே இறங்கி அடிமண்ணை மிதித்துப் பார்த்தார். கம்பி கட்டியவனைப் படுத்தி எடுத்தார். போல்ட்டுகள் அசையாதிருக்கக் கம்பெனி அனுப்பிய தகட்டு அச்சுகளில் அவற்றைக் கோத்து, சாரப் பலகையில் அடித்து நிறுத்தினார். வரைபடத்தில் தூணுக்குத் தூண் தூரம் அகலவாட்டில் பன்னிரண்டாயிரம் என்று போட்டிருந்தது, நீளவாட்டில் ஆறாயிரம், ஆறாயிரம், ஆறாயிரம். எல்லாம் மில்லி மீட்டர்.

அவருடைய டேப்பில் இரண்டு வரிசை எண் உண்டு. மேலே அங்குலம், கீழே மில்லி. கீழ் வரிசையை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. யாராவது மில்லியில் சொன்னால் மனசுக்குள் அடியாக மாற்றிக்கொள்வார். முந்நூறு மில்லி ஒரு அடி. வேலைத்தளத்தில் எல்லாக் கொத்தனாருக்கும் தெரிந்த கணக்கு அது. பன்னிரண்டாயிரத்தை முந்நூறால் வகுத்தால் நாற்பது. நாற்பது அடி. ஆறாயிரம் என்றால் இருபது அடி. பேனாகூடத் தேவைப்படவில்லை.

நாற்பது அடியை அவர் அளந்த மாதிரி உலகத்தில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மூலைக்கு மூலை குறுக்கே பிடித்துப் பார்த்தார். இந்தக் குறுக்குக்கும் அந்தக் குறுக்குக்கும் இம்மி பிசகவில்லை. கான்கிரீட் போட்டு, ஈரச் சாக்கு போர்த்தி, மூன்று வாரம் தண்ணீர் விட்டார். மகள் வந்து பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு போல்ட்டும் வரிசைபிடித்து நிற்பதைக் கண்டு, "பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி நிக்குதுப்பா" என்றாள். அந்தச் சொல்லை இரண்டு நாள் வாயில் மிட்டாய் போல ஒதுக்கிவைத்திருந்தார்.

திங்கட்கிழமை லாரி வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். "அப்பா, அந்தப் பொண்ணு மூணாவது தடவையா கேட்டுட்டா. போட்டோ இன்னிக்கு வந்தாகணுமாம்."

"சரி சரி, எடுக்கறேன்."

மனைக்குப் போனார். டேப்பின் கொக்கியை ஒரு வரிசைப் போல்ட்டின் நடுக்கோட்டில் மாட்டி, எதிர் வரிசைவரை இழுத்துக்கொண்டு போனார். நாற்பது அடி, அச்சு அசல். மில்லி எண் தெரிய வேண்டும் என்றார்களே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழ் வரிசையைப் பார்த்தார்.

பன்னிரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

டேப்பில்தான் கோளாறு என்று நினைத்தார். மடக்கி மறுபடி இழுத்தார். பிறகு இரும்புச் சாமான் கடைக்கு நடந்து போய்ப் புது டேப் ஒன்று கேட்டார். "சரியான டேப்பா பாத்துக் குடுப்பா" என்றார். கடைக்காரர், "நூலுக்கே டேப்பு மேல சந்தேகமா! இனிமே நாங்கல்லாம் எதை நம்புறது?" என்று சிரித்தார். இவரும் சிரித்தார். சிரித்த வாய் மூட நேரமாயிற்று. கடை வாசலிலேயே புது டேப்பை ஒரு அடி இழுத்து, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் ஒன்றாகப் பார்த்தார். ஒரு அடிக்கு எதிரே முந்நூறு இல்லை. முந்நூற்று ஐந்துக்கு ஒரு மயிரிழை குறைவு.

அடிக்கு ஐந்து மில்லி. ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. செங்கல்லும் கலவையும் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். நாற்பது வருஷமாக விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் நாற்பது அடிக்குச் சேர்த்தால் ஏழரை அங்குலம். தொழிற்சாலையில் ஓட்டை போட்டு வரும் இரும்பு ஏழரை அங்குலத்தை எங்கே விழுங்கும்? நீளவாட்டிலும் அப்படியே. ஒவ்வொரு இருபது அடிக்கும் நாலு அங்குலம் தள்ளித் தள்ளி, கடைசித் தூணில் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு.

மத்தியானம் மகள் மறுபடி கூப்பிட்டாள். "அனுப்பிட்டீங்களாப்பா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அனுப்பிட்டேன்."

"அவளுக்கு வரலைங்கிறா."

"நெட்டு மெதுவா இருக்கும். நாளைக்கு வந்துரும். அளவெல்லாம் சரியா இருக்குன்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். ஆர்டர் எழுதிய பெண்ணும், "உங்கப்பா பாத்துட்டாருன்னா சரிதான் மேடம்" என்று தன் தாளில் டிக் அடித்துவிட்டாள். அதையும் மகளே சந்தோஷமாகச் சொன்னாள். "பாத்தீங்களா, உங்க பேருக்கே லாரி கிளம்புது."

பொய்யில் அவருக்குப் பழக்கமில்லை. அதனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு நீளக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மனைக்குப் போனார். ஒரு போல்ட்டின் தலையில் குழாயைக் கோத்து, வளைகிறதா என்று தொங்கிப் பார்த்தார். கட்டைவிரல் கனமுள்ள போல்ட்டு. அவர் வைத்த கான்கிரீட். அசையுமா? பாழாய்ப்போன வேலையைக் கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கக் கூடாதா என்று அவருக்கே தோன்றியது. அறுபதை நெருங்குகிற மனுஷன் குழாயில் குரங்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருப்பதை யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் பார்த்தார். பக்கத்து மனையில் மேய்ந்த ஆடு ஒன்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டில் மனசு போகவில்லை. "என்னங்க, சோத்தை இந்தப் பிசை பிசையறீங்க? கலவை போடறீங்களா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது? அவ தகரம் போடறான்னு இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க? விடுங்க. அஸ்திவாரம் நீங்க போட்டதுதானே? அவ ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிட்டுத் திரியறா."

அவர் அந்தப் பேச்சைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

லாரி வழியில் நின்றுவிடாதா, மழை பிடித்துக்கொள்ளாதா என்று சனியும் ஞாயிறும் போயின. ஒரு துளி தூறவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. பின்னாலேயே கிரேன். நாலு ஆட்களும் ஒரு ஃபோர்மேனும் இறங்கினார்கள். மகள் கையில் சாமான் பட்டியலோடு நின்றாள். இறக்கும்போதே எண்ணிப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் குறைகிறது என்றால் கம்பெனி கேட்காது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தூண் எட்டு, உத்தரம் எட்டு, சட்டங்கள் கட்டுக் கட்டாக, தகடுகள், திருகாணிப் பைகள். தகடுகளைத் தரையில் போடாமல் கட்டைமேல் ஒருபக்கம் சாய்வாக அடுக்கச் சொன்னார் ஃபோர்மேன். தண்ணீர் தேங்கினால் இப்போதே கறை பிடித்துவிடுமாம். சாம்பலும் நீலமுமாக அந்தத் தகடுகளைப் பார்த்து மகள் புதுச்சட்டை வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

ஃபோர்மேன் நேரே நூலிடம் வந்தார். நாற்பது வயசிருக்கும், வெயிலில் வெந்த முகம். "நீங்கதானே நூல் அண்ணன்? எங்க அத்தை வீடு நீங்க கட்டினது. இன்னிக்கும் சுவத்துல ஒரு கீறல் கிடையாது. உங்க அஸ்திவாரத்துல நிறுத்தறதுன்னா எங்களுக்கு நிம்மதி."

நூல் தலையை ஆட்டினார். 

கிரேனில் கொக்கி மாட்டுமுன் ஃபோர்மேன் டேப்பை எடுத்தார். அது அவர் வழக்கம். ஒரு ஆள் அந்த முனையைப் பிடித்தான். அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி அளந்தார். அடுத்த தூண், அதற்கு அடுத்த தூண். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு, கிரேன்காரரிடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நூலை லாரிக்குப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, முந்நூறுக்கு ஒரு அடின்னு போட்டீங்களா?" மெதுவான குரலில் கேட்டார்.

நூல் லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க பெரியப்பா இதையேதான் பண்ணாரு" என்றார் ஃபோர்மேன். "எல்லாருக்கும் நடக்கிறதுதான். இதுக்கு வழி இருக்குண்ணே, ஆனா இன்னிக்கு நிறுத்த முடியாது. பொண்ணுகிட்ட என்ன சொல்றது? வேணும்னா டிராயிங்ல ஏதோ தப்பு வந்துருச்சுன்னு சொல்லிடறேன். பெரிய கம்பெனி, தாங்கும். உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

நூல் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஃபோர்மேன் அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு மகளிடம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மகளின் குரல் உயர்ந்தது. கம்பெனியில் ஆர்டர் எழுதிய பெண்ணுக்குப் போன் போட்டிருந்தாள். வெயிலில் திரை தெரியாமல் ஸ்பீக்கரில் வைத்துக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"எட்டு தூணும் உக்காரலைங்க! என்ன டிராயிங் குடுத்தீங்க? கிரேன் வந்து நிக்குது. மாசக் கடைசிக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு எனக்கு."

"டிராயிங் சரியா இருக்கு மேடம், இப்பதான் மறுபடி பாத்தோம். அந்த போட்டோ மட்டும் வரவேயில்ல. வந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"எங்கப்பா வியாழக்கிழமையே அனுப்பிட்டாரு. வாங்கிட்டு இல்லேங்கறீங்களா? தப்பை யார் தலையில கட்டறீங்க?"

 எதிர்முனையில் வந்த குரல் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் சிரித்த குரலாக இல்லை. "மேடம், நீங்க சொன்னீங்கன்னு போட்டோ இல்லாமலே நான் டிக் போட்டு லாரியை அனுப்பினேன். அது என் தப்புதான். இப்ப மேனேஜர் முன்னாடிதான் நிக்கறேன். ஒருதரம் உங்கப்பா போன்ல பாத்துச் சொல்லுங்களேன். அனுப்பினது அதுல இருக்கும் இல்ல?"

"எங்கப்பா பொய் சொல்றாருங்கறியா?"

மகள் அந்தப் பெண்ணை 'நீ' என்று கூப்பிட்டது அப்போதுதான். தகடு இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஆட்களுக்கு டீ கொண்டுவந்த மனைவி, தூக்கைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"போனை வை" என்றார் நூல்.

"இருங்கப்பா, நான் பேசிக்கறேன்."

"வைம்மா. அந்தப் பொண்ணு சொல்றது சரி. நான் போட்டோ அனுப்பல."

மகள் திரும்பினாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, அவசரம். அவரைக் காப்பாற்றிவிடுகிற அவசரம். "மறந்துட்டீங்களா? அனுப்பிட்டோம்னு நெனச்சுட்டீங்களா?"

ஆமாம் என்றால் முடிந்துபோயிருக்கும். வயசாயிற்று, மறந்துவிட்டார் என்று எல்லோரும் மன்னித்திருப்பார்கள். அந்தக் கதவும் திறந்துதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"மறக்கல" என்றார். "டேப்பைப் பிடிச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தப்பு என்னோடது. டிராயிங் இல்ல. அடியில போட்டுட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமை."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்குத் திங்கள்" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா லாரி கிளம்பியே இருக்காதேப்பா. நாலு நாள்ல எவ்வளவோ பண்ணியிருக்கலாம்." பிறகு குரல் இன்னும் தணிந்தது. "உங்களை நம்பி அந்தப் பொண்ணை என்னென்னவோ பேசிட்டேன்."

போன் இன்னும் அணைக்கப்படவில்லை. அதிலிருந்து யாரோ மூச்சுவிடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நூல் கையை நீட்டினார். மகள் கொடுத்தாள்.

"அம்மா" என்றார் அவர்.  "நான் நூல் பேசறேன்" என்று தொடங்கி, அந்தப் பேர் வாயில் பட்டதும் நிறுத்தினார். "அவங்கப்பா பேசறேன். உன் மேல தப்பில்லம்மா. நான்தான் பொய் சொன்னேன். உன் மேனேஜர் பக்கத்துல இருந்தா அவர்கிட்டயும் சொல்லிடறேன், குடு."

மேனேஜரிடம் சொன்னார். அவர் எதையும் பெரிதுபடுத்தாமல், "சரிங்க, இப்ப இருக்கிற அளவு என்னன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. எஞ்சினியர் பாக்கட்டும்" என்றார். அதைக் கேட்டபோதுதான் நூலுக்குக் காது சுட்டது. நாலு நாளைக்கு முன் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை. இப்போது மகள் டேப்பைப் பிடிக்க, ஃபோர்மேன் போட்டோ எடுத்தார். பன்னிரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பளிச்சென்று தெரிந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. மனைவி ஊற்றிக் கொடுத்தாள். அவர் பக்கம் வந்தபோது, ஏதாவது குத்திச் சொல்வாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. அவள் கேலி செய்யாமல் விட்டதிலேயே விஷயம் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் பதில் வந்தது. பிழையை ஒரே பக்கம் தள்ளாமல், நடுக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கத்துக்கும் பங்கு போட வேண்டும். பழைய போல்ட்டுகளை அறுத்தெறிய வேண்டும். புது இடத்தில் துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, கம்பியை இறுக்கிப் பிடிக்கிற பசை மருந்து ஊற்றிப் புதுக் கம்பிகளை இறக்க வேண்டும். மூலைத் தூண் நாலுக்கும் அடிக்கட்டையைக் கான்கிரீட் வைத்து அகலப்படுத்த வேண்டும். அது இறுக ஒரு வாரம். அதன்பின் நிறுத்தித் தகடு அடிக்க இன்னொரு வாரம். கிரேன் வந்த வழியே போயிற்று.

கெடுவுக்குள் முடியாது. கூடத்துக்காரரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டாக வேண்டும். ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னவரிடம்.

"நான் போய்ப் பேசறேன்மா" என்றார் நூல். "என் தப்புன்னு சொல்றேன்."

"வேண்டாம்பா" என்றாள் மகள். "நானே பேசிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்."

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. சாமானை நனையாத இடத்தில் எடுத்துவைக்கிற மாதிரிச் சொன்னாள். சாயங்காலம் போனாள். எவ்வளவு நேரம் நின்றாள், என்னென்ன கேட்டுக்கொண்டு வந்தாள் என்று அவரிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் கொடுத்திருக்கிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். மிச்ச நாளுக்கு அட்டைக் கட்டுகளை வீட்டு முன்னறையில் அடுக்கிக்கொள்வதாகவும் சொன்னாள். அவர் உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து, சாய்ந்த சுவர் கட்டிய அந்தக் கொத்தனாரின் நினைப்பு அன்று வேறு மாதிரி வந்தது. கழுவாத கரணையைப் பைக்குள் போட்டபோது அந்த மனுஷனின் கை எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தார். எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. தெரிந்தாலும் போய் என்ன சொல்வது?

மறுநாள் காலையில் மனைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தவரிடம் மனைவி, "கெட்டதை நின்னு சரிபண்ணாம வீட்டுல உக்காந்தா, அது எந்த ஊர் ரோஷம்?" என்றாள். போனார்.

ஃபோர்மேனின் ஆட்கள் இருவர் போல்ட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றவை ஒவ்வொன்றாகத் தீப்பொறி பறக்க விழுந்தன. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. "வாங்கண்ணே" என்று ஃபோர்மேன் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். நடுக்கோடு அடித்தாயிற்று. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆறாயிரம் அளந்து குறி போட வேண்டும். மகள் நடுக்கோட்டில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூல் மறுமுனையை இழுத்துக்கொண்டு போனார். முழங்காலைக் கீழே ஊன்றி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கீழ் வரிசையில் விரலை வைத்துத் தேடினார்.

"ஆறாயிரம்" என்றார். "குறி போடட்டுமா?"

முன்பெல்லாம் அவர் எண்ணைச் சொன்னதும் அந்த முனையை விட்டுவிடுவார்கள். நூல் சொன்னதை இன்னொருவர் பார்ப்பது என்ற வழக்கமே கிடையாது.

"இருங்கப்பா."

மகள் தன் முனையை ஒரு ஆளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். அவருக்கு எதிரே குத்திட்டு உட்கார்ந்து, வெயில் படாமல் கையை மறைத்துக்கொண்டு டேப்பைக் குனிந்து பார்த்தாள். எண்ணின் பாதியை அவருடைய கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது.

அவர் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.